பூச்சி என்னும் ஒரு சொல்: குடற்புழுவும் மூலிகை மருந்தும்

தோட்டப்புறத்தில் வளர்ந்த தமிழர் எவரும் 'பூச்சி மருந்து' என்னும் தொடரைக் கேளாமல் வளர்ந்திருக்க இயலாது. பிள்ளை உறக்கத்தில் பல்லைக் கடித்தால் பூச்சி. கன்னத்தில் வெளிறிய தேமல் தோன்றினால் பூச்சி. சோறு செல்லாவிட்டாலும் பூச்சி, அளவுக்கு மீறிச் சென்றாலும் பூச்சி. பள்ளி விடுமுறை வந்ததும் விளக்கெண்ணெய்ப் புட்டி அலமாரியிலிருந்து இறங்கும். குப்பைமேனிச் சாறு, வேப்பங்கொழுந்து, பாகல் இலை, ஓமநீர் என ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைம்மருந்து இருந்தது. செடெனாக் வட்டாரத்தில் மூத்த தலைமுறையினரைக் கேட்டால் இவற்றுள் நான்கைந்தையேனும் இன்றும் சொல்வர்.

இம்மூலிகைகளுள் சிலவற்றுக்குப் புழுவை வெளியேற்றும் ஆற்றல் மெய்யாகவே உண்டு. ஆயினும் எந்தப் புழு, எந்தச் செடி, எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கு விடை அறியாமல் கொடுக்கப்படும் மருந்து பெரும்பாலும் பயனின்றிப் போகும். சிலவேளை உயிருக்கே தீங்காகும். மூன்று வினாக்களுள் முதலிரண்டும் பெயரைப் பற்றியவை. எனவே மருத்துவரோடு மொழியாசிரியருக்கும் இதில் வேலை உண்டு என்று கருதியே இப்பொருளை ஒரு மொழி மேடைக்கு எடுத்துக்கொண்டேன்.

முதலில் புழுவின் பெயரைப் பார்ப்போம். தமிழ் வழக்கில் 'பூச்சி' என்பது ஈ, கரப்பான் முதலிய ஆறுகால் உயிர்களையும் குறிக்கும். வயிற்றில் வாழும் காலற்ற புழுக்களையும் குறிக்கும். 'கிருமி' என்னும் வடசொல்லின் நிலை இதனினும் விந்தையானது. அதன் பழம்பொருள் புழு என்பதே. வைணவ மரபுக் கதைகளில் வரும் 'கிருமிகண்ட சோழன்' என்னும் பெயருக்குக் கழுத்தில் புழு வைத்தவன் என்றே பொருள். இன்றோ கிருமி என்றால் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரை நினைக்கிறோம். ஒரு பழைய மருத்துவ நூல் ஒரு வேரைக் 'கிருமி போக்கும்' என்று கூறினால், அது குடற்புழுவைப் போக்கும் என்று அந்நூலாசிரியர் எழுதினார். நாமோ அது பாக்டீரியாவையும் வைரசையும் கொல்லும் என்று படித்துக்கொள்கிறோம். கைப்பேசியில் பரப்பியும் விடுகிறோம். சொல் அப்படியே நின்றது, பொருள் நகர்ந்துவிட்டது. நோயாளி இடையில் அகப்பட்டுக்கொண்டார்.

பாடநூல் தமிழ் இக்குழப்பத்தைப் பெரிதும் நீக்கியுள்ளது. உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு என்னும் பெயர்கள் உருவத்தைக் கொண்டே இனத்தைக் காட்டுகின்றன. மலாய்மொழியும் இவ்வாறே சாச்சிங் கெலாங், சாச்சிங் பித்தா என வளையத்தையும் நாடாவையும் வைத்துப் பிரிக்கிறது. ஐந்தாவதாகக் கீரிப்பூச்சி. இது பாடநூல் ஆக்கிய சொல் அன்று. மக்கள் வழக்கிலேயே தனிப்பெயர் பெற்றிருந்த ஒரே குடற்புழு இதுதான் என்று தோன்றுகிறது. இரவில் குழந்தையின் ஆசனவாயில் நெளியும் வெண்ணிற நூல் போன்ற இப்புழுவைத் தாய்மார் தம் கண்ணாலேயே கண்டனர். கண்டதற்குத் தனிப்பெயர் கிடைத்தது. காணாதவை அனைத்தும் பொதுப்பெயருக்குள் அடங்கின.

ஐந்தும் ஒன்றுக்கொன்று உறவல்லாதவை போல் வாழ்பவை. உருண்டைப்புழு ஒரு சாண் நீளம் வளரும். குடலின் உட்புறத்தில் எதையும் பற்றாமல் தளர்ந்து கிடக்கும். பெண்புழு ஒரு நாளில் ஏறத்தாழ 2 இலட்சம் முட்டைகள் இடும். சாட்டைப்புழு தன் மெல்லிய முன்பாகத்தைப் பெருங்குடலின் சுவருக்குள் தைத்துக்கொண்டு வாழும். நாடாப்புழு சரியாக வேகாத மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி வழியாக வந்து மீட்டர்க் கணக்கில் நீளும். கீரிப்பூச்சிக்கு மண்ணே வேண்டியதில்லை. நகக்கண், படுக்கை விரிப்பு, ஒருவர் கை இன்னொருவர் வாய் என்ற வழியிலேயே அது வீடு முழுவதும் பரவும். தளர்ந்து கிடப்பதைத் தள்ளிவிடும் ஒரு பேதி மருந்து, சுவரில் தைத்திருப்பதை அசைக்காது. இதை உணர்ந்தால் 'பூச்சி மருந்து' என்ற ஒற்றைத் தொடரின் குறை விளங்கும்.

தோட்டத் தமிழரின் வரலாற்றில் தனியிடம் பெற்றது கொக்கிப்புழு. ஒரு சென்டிமீட்டர் நீளமே உடைய இது சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும். மலேசியாவில் மிகுதியாகக் காணப்படும் இனம் ஒரு புழுவுக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்யும். ஒரு துளியிலும் குறைவு. நூறு புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர். அதில் உள்ள இரும்புச் சத்து ஒன்றரை மில்லிகிராம். நலமான ஓர் ஆண் தன் உணவிலிருந்து ஒரு நாளில் ஈர்த்துக்கொள்ளும் இரும்பே ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். இழந்ததில் ஒரு பகுதியைக் குடல் மீண்டும் ஈர்த்துக்கொள்ளும் என்றாலும், சோறும் கருவாட்டுக் குழம்பும் உண்டு வாழ்ந்த குடும்பத்தில், மாதவிலக்கும் மகப்பேறும் உடைய ஒரு பெண்ணின் உடலில் இக்கணக்கு எப்படி முடியும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வெளிறிய உள்ளங்கை, ஏறுமேட்டில் மூச்சுவாங்கல், மண்ணைத் தின்னும் ஆசை ஆகியன அதன் அடையாளங்கள்.

இப்புழு வாய்வழியாக மட்டுமே வருவதென்றுதான் மருத்துவ உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது. எகிப்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜெர்மானியர் ஆர்தர் லூஸ், 1898ஆம் ஆண்டளவில் புழுக்குஞ்சுகள் கலந்த நீரைத் தற்செயலாகத் தம் கையில் சிந்திக்கொண்டார். தோல் சிவந்து அரித்தது. சில வாரங்களுக்குப் பின் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் காணப்பட்டன. குஞ்சு தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது என்னும் முழுவழியும் அதன் பிறகே தெளிவாயிற்று. சேற்றுப்புண் என்று நம்மவர் சொல்லிவந்த கால் அரிப்பில் ஒரு பங்கு இப்புழு நுழைந்த தடமாகவே இருந்திருக்க வேண்டும்.

இப்போது செடெனாக் மண்ணை எண்ணிப் பாருங்கள். ஜொகூரின் கூலாய் மாவட்டத்தில் உள்ள இவ்வூர் பால்மரக் காடாக இருந்து செம்பனைக் காடாக மாறியது. இன்று அதன் ஒரு பகுதியில் தரவு மையங்கள் எழுகின்றன. ஆண்டு முழுதும் மழை, மரநிழல், ஈரமான இளகிய மண், வெப்பம். கொக்கிப்புழு முட்டைக்கு இதனினும் நல்ல தொட்டில் இல்லை. நேர்வெயிலும் வறட்சியும் குஞ்சைக் கொல்லும். நிழலும் ஈரமும் அதை வாரக்கணக்கில் காக்கும். முட்டை பொரிக்க ஓரிரு நாள், தோலைத் துளைக்கும் பருவத்தை அடைய ஐந்து முதல் பத்து நாள். கழிப்பிடம் இல்லாத காலத்தில் லயத்துக்குப் பின்னால் மரங்களுக்கிடையே ஒதுங்கியவர்கள், விடியற்காலைப் பெரட்டு முடிந்து அதே நிழலில் வெறுங்காலோடு பால்வெட்டச் சென்றார்கள். புழு எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதைத் தோட்ட உலகம் மெல்லத்தான் கண்டுகொண்டது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய ஆய்வுக்குழு ஒன்று 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. அதன் தலைவர் சாமுவேல் டார்லிங். அக்குழு தொழிலாளருக்கு மருந்து கொடுத்து, வெளிவந்த புழுக்களை எண்ணியது. எண்ணுவதற்காகப் பல நாள் மலத்தைச் சலித்துக் கழுவ வேண்டியிருந்தது. அருவருப்பான வேலைதான்; ஆனால் எந்த மருந்து எத்தனை விழுக்காட்டுப் புழுக்களை வெளியேற்றுகிறது என்பதை ஊகத்தால் அன்றி எண்ணிக்கையால் சொல்ல அதுவே வழிகாட்டியது. அவர்களுடைய அறிக்கை 1920இல் வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரிடையே அதே அறக்கட்டளையின் புழு ஒழிப்புப் பணி 1916இலேயே தொடங்கியிருந்தது.

அந்த எண்ணிக்கைக்கு உட்பட்ட மருந்துகள் எவை என்பதே நம் பொருளுக்கு மிகவும் வேண்டிய செய்தி. அவை இரண்டும் செடியிலிருந்து வந்தவை. ஒன்று, அமெரிக்க நாட்டுச் செடியொன்றின் கீனோபோடியம் எண்ணெய். நமக்கு எதிர்க்கரையான சுமத்திராவின் டெலி தோட்டங்களில் பணியாற்றிய ஷூஃப்னர் என்ற மருத்துவர் தம் துணைவரோடு 1913இல் இதைக் கொக்கிப்புழுவுக்குரிய மருந்தாக எழுதினார். மற்றொன்று தைமோல். இது நம் அஞ்சறைப்பெட்டியில் உள்ள ஓமத்தின் சத்து. முதல் உலகப்போருக்கு முன் இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்றது. அங்கே வடிக்கப்பட்டுத் தைமோல் என்னும் வெண்பளிங்காக உலகச் சந்தைக்கு வந்தது. 1914இல் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. பாட்டி கொடுத்த ஓமத்தைப் புறந்தள்ளிவிட்டு ஆஸ்பத்திரி மருந்தை விழுங்கிய அக்காலத்துத் தோட்டத் தொழிலாளி, வேறொரு வடிவில் ஓமத்தையே விழுங்கியிருக்கலாம்.

பெருமைப்பட இடமுண்டு. ஆனால் இங்கே சற்றுக் கணக்கும் போட வேண்டும். கொக்கிப்புழுவுக்கு வளர்ந்தவர் ஒருவருக்கு அன்று கொடுக்கப்பட்ட தைமோல் ஏறத்தாழ 4 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தனர். ஓம விதையில் எண்ணெய் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு. அவ்வெண்ணெயில் ஏறத்தாழப் பாதியே தைமோல். நடுவளவாகக் கொண்டாலும் 4 கிராம் தைமோலுக்குக் கால் கிலோவுக்கு மேற்பட்ட ஓமம் வேண்டும். ஒரு தேக்கரண்டி ஓமத்தைக் கொதிக்கவைத்த நீர் வயிற்று உப்புசத்தைத் தணிக்கலாம். கொக்கிப்புழுவை அது தொடவும் செய்யாது. தைமோலின் தீங்கும் சிறிதன்று. அது எண்ணெயிலும் மதுவிலும் கரையும். கரைந்தால் புழுவை விட்டு மனிதனின் இரத்தத்தில் ஏறும். அதனால் தைமோல் உட்கொண்டவருக்கு எண்ணெயும் மதுவும் விலக்கப்பட்டன. பேதிக்கு விளக்கெண்ணெயைத் தவிர்த்து உப்பு மருந்தே கொடுக்கப்பட்டது. இவ்விலக்கை மறந்த இடங்களில் உயிரிழப்பும் நேர்ந்தது. கீனோபோடியம் எண்ணெயோ அளவு சற்றே மிகுந்தாலும் நஞ்சு; பிள்ளைகளைக் கொன்ற பதிவுகள் உண்டு. 1921இல் புழு மருந்தாக அறிமுகமான கார்பன் டெட்ராகுளோரைடு என்ற வேதிப்பொருளும் ஈரலைக் கெடுத்தது. இவற்றோடு ஒப்பிடுகையில் இன்றைய மாத்திரை எவ்வளவு எளியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனிச் செடியின் பெயர். சித்த மருத்துவத்தில் குடற்புழுவுக்கு நன்கறியப்பட்ட மருந்துகளுள் ஒன்று முருக்கன் விதை மாத்திரை. முருக்கு என்பது இங்கே பலாசம், புரசு என்றும் வழங்கும் செந்நிறப் பூமரம். அதன் விதையில் உள்ள பலசோனின் என்னும் பொருளுக்குப் புழுவைத் தாக்கும் ஆற்றல் இருப்பது ஆய்வகங்களில் தெரியவந்துள்ளது. தோலில் கொப்புளம் எழுப்பும் வண்டினங்களின் நஞ்சுக்கு அது வேதியியல் முறையில் நெருங்கிய உறவு. எனவே அளவு மீறினால் குடலையே எரிக்கும். இவ்வளவும் பலாசத்தின் செய்தி. ஆனால் தமிழில் முள்முருக்கு, கல்யாண முருங்கை என வழங்கும் வேறொரு மரமும் முருக்கே. மலாயில் டெடாப் என்பது அதன் இனம். இந்நாட்டில் எங்கும் வளர்வது. இவ்வின மரங்களின் விதைகளில் தசையைச் செயலிழக்கச் செய்யும் நச்சுப்பொருள்கள் உள்ளன. பலாசம் மலேசியாவில் எளிதிற் கிடைக்காது. டெடாப் வீட்டோரத்திலேயே நிற்கும். 'முருக்கு விதை' என்று மட்டும் எழுதிய ஒரு குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எந்த மரத்தை நோக்கிச் செல்வார்?

இத்தகைய பெயர் மயக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குப் பெல்ஜியம் சான்று. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகர் மருத்துவ நிலையம் ஒன்றில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் அழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்; பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் தோன்றியது. சீனமொழியில் 'ஃபாங் ஜி' என்னும் பெயர் இரண்டு வெவ்வேறு செடிகளுக்குப் பொதுவாக இருந்ததால், தீங்கற்ற ஒன்றுக்கு மாற்றாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி சேர்ந்துவிட்டது என்பது ஆய்வால் வெளிப்பட்டது.

அரிஸ்டோலோக்கியா இனம் நமக்குப் புதிதன்று. ஆடுதின்னாப்பாளை அவ்வினத்தைச் சேர்ந்தது. ஆடும் தின்னாத கசப்பு என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்த முன்னோர், அதனைப் புழுக்கொல்லியாகவும் வழங்கினர். புழு வெளியேறியிருக்கும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும். மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது உறுதி என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் வைத்துள்ள பொருள் அது. தீங்கு ஆண்டுகள் கழித்து வெளிப்படுவதால், பேரனுக்குக் கொடுத்த பாட்டிக்கு அது தெரிய வாய்ப்பே இருந்திருக்காது. நெடுங்கால அனுபவம் என்று நாம் மதிப்பது உடனே தெரியும் பயனையும் உடனே தெரியும் தீங்கையும் நன்கு அறியும். இருபது ஆண்டு கழித்து வரும் தீங்கை அறியாது. இச்செடியை உள்ளுக்குக் கொடுப்பதை முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

குப்பைமேனியின் நிலை வேறு. பூனைவணங்கி என்றும் வழங்கும் இச்செடியின் இலைச்சாறே தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு மிகுதியும் கொடுக்கப்பட்ட புழு மருந்து. பெரும்பாலோருக்கு வயிற்றோட்டத்துக்கு மேல் ஒன்றும் செய்யாது. ஆனால் ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறந்தவருக்கு அது கடும் ஆபத்து. குப்பைமேனி சேர்ந்த மூலிகைக் கஞ்சி குடித்த இக்குறைபாட்டினருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் திடீரென உடைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1996இல் எழுதினர். சிறுநீர் கருஞ்சிவப்பாகும், உடல் மஞ்சளிக்கும், இரத்தம் ஏற்ற வேண்டிவரும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் இக்குறைபாடு சோதிக்கப்படுகிறது. ஆண் குழந்தைகளிடையே இது மிகுதி. அந்தப்பூச்சி உருண்டை எனும் நாப்தலின் கூடாது என்று தாய்க்குச் சொல்லி அனுப்புவார்கள். குப்பைமேனி கூடாது என்று பெரும்பாலும் எவரும் சொல்வதில்லை. செவிலியருக்கு அப்பெயர் தெரியாது, தாய்க்கோ அதை மருந்தென்றே தெரியும்.

மற்ற மூலிகைகளை விரைந்து பார்க்கலாம். வாய்விடங்கம் மிளகைப் போன்ற சிறுகாய். நாடாப்புழுவுக்கு நெடுங்காலமாக வழங்குவது. ஒத்த உருவுடைய வேறு காய்கள் கடைச்சரக்கில் கலப்பதுண்டு. மாதுளை வேர்ப்பட்டையிலிருந்து நாடாப்புழுவை முடக்கும் பெல்லட்டியரின் என்னும் பொருளைப் பிரெஞ்சு வேதியியலார் தான்ரே 1878இல் பிரித்தெடுத்தார். அளவு மீறினால் கண்பார்வை மங்கும். சீனர்கள் நாடாப்புழுவுக்குப் பூசணி விதையையும் பாக்கையும் சேர்த்து உண்பர். பாக்கின் அரிக்கோலின் புழுவை முடக்க, அது பிடிதளர்ந்து வெளியேறும். நம் தாம்பூலத்துப் பாக்கே அது. நாள்தோறும் மெல்லுவோருக்கு வாய்ப்புற்று தருவதும் அதுவே. வேலிகளில் படரும் இரங்கூன் மல்லியின் விதையைச் சீனக் குடும்பங்கள் உருண்டைப்புழுவுக்குக் கொடுத்தனர். மிகுதியாகத் தின்றால் விக்கல் நிற்காது. பப்பாளி விதைக்கு மட்டும் சிறிதேனும் முறையான சோதனை உண்டு. நைஜீரியாவில் 60 குழந்தைகளுக்கு நடந்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. உலர்ந்த பப்பாளி விதையைத் தேனில் குழைத்து உண்ட 30 பேரில் 23 பேருக்கும், தேன் மட்டும் உண்ட 30 பேரில் 5 பேருக்கும் ஒட்டுண்ணி நீங்கியது. நம்பிக்கை தரும் எண்கள். ஆனால் அறுபது குழந்தைகள் மிகச் சிறிய கூட்டம். வேம்பு, பாகல் இரண்டையும் பற்றி இந்த அளவுச் சான்றும் இல்லை. கசப்பு புழுவுக்கும் பிடிக்காது என்ற எண்ணமே அவற்றுக்கு இவ்விடத்தைத் தந்தது என்று கருதுகிறேன்.

இன்றைய மருந்தாகிய அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒரே வேளையில் உட்கொள்ளத்தக்கது. இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு இதுவே பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கப்படுகிறது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பாதி அளவு. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் கூடாது. இம்மாத்திரையும் எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்தன்று. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த கட்டுரையின்படி ஒரே வேளை மாத்திரையால் உருண்டைப்புழு நீங்கியோர் நூற்றுக்கு 88 பேர்; கொக்கிப்புழு நீங்கியோர் 72 பேர்; சாட்டைப்புழு நீங்கியோர் 28 பேரே. சுவரில் தைத்துக்கொண்டு வாழும் புழு இங்கும் தன் பிடியை விடவில்லை. பச்சிலைச் சாற்றிடம் நாம் கேட்ட 'எந்தப் புழு' என்னும் கேள்வியை மருந்துக்கடை மாத்திரையிடமும் கேட்கத்தான் வேண்டும்.

மருந்தால் மட்டும் முடியாதது இன்னொன்று உண்டு. குடலை விட்டு நீங்கிய புழு மண்ணில் முட்டையாகக் காத்திருக்கிறது. மண் மாறாத ஊரில் ஓராண்டுக்குள் பெரும்பாலோர் மீண்டும் புழு ஏற்கின்றனர். நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புழு நீக்க மருந்து கொடுக்கும் திட்டம் 1974இல் தொடங்கி 1983இல் நிறுத்தப்பட்டது. நகரங்களிலும் தோட்டங்களிலும் புழு குறைந்ததற்குப் பெரும்பங்கு கழிப்பிடம், குழாய்நீர், காலணி ஆகியவற்றையே சாரும். அவை சென்று சேராத ஓராங் அஸ்லி குடியிருப்புகளில் குழந்தைகளிடையே புழுத்தொற்று இன்றும் உயர்ந்தே நிற்கிறது. நம் பாட்டன்மார் நின்ற செம்பனை நிழலில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நிற்கிறார்கள். அவர்களுடைய குடியிருப்பில் கழிப்பிடம் எத்தனை என்று கேட்பது பிறர் காரியமன்று. மண் ஒன்றுதான்.

ஆசிரியர்களுக்குச் சில செய்திகள். அமெரிக்காவில் சார்லஸ் ஸ்டைல்ஸ் 1902இல் கொக்கிப்புழுவைப் பற்றிப் பேசியபோது செய்தித்தாள்கள் அதனைச் 'சோம்பல் கிருமி' என்று எழுதின. சோம்பேறி என்று பழிக்கப்பட்ட ஏழை மக்களில் பலர் இரத்தமற்றவர்கள் என்பதே அவர் கண்டது. வகுப்பில் பின்வரிசையில் மேசைமேல் தலைசாய்க்கும் மாணவனைப் பற்றி முடிவு கட்டுமுன் அவன் கீழிமையின் உட்புறத்தையும் உள்ளங்கையையும் பார்த்தல் நலம். வெளிறியிருந்தால் பெற்றோரை அழைத்து அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். இரத்தமும் மலமும் சோதித்தால் காரணம் தெரியும். காரணம் புழுவாகவும் இருக்கலாம், உணவுக் குறையாகவும் இருக்கலாம், தலசீமியாவாகவும் இருக்கலாம். புழு நீங்கினாலும் இழந்த இரும்பு தானாகத் திரும்பாது. அதற்குத் தனியே மருந்தும் மாதங்களும் வேண்டும். பல் கடித்தலையும் தேமலையும் புழுவின் குறியாகக் கொள்ளச் சான்றில்லை. இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்பதும் அவ்வாறே. இனிப்பைக் கட்டுப்படுத்தப் பல்லைக் காரணம் காட்டுங்கள், பொய் சொல்ல வேண்டியதில்லை.

கழிப்பிடமும் காலணியும் உள்ள இன்றைய வீடுகளில் நீங்கள் மிகுதியாகக் காணக்கூடியது கீரிப்பூச்சியே. இரவில் பெண்புழு வெளிவந்து ஆசனவாயின் ஓரத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒட்டிச் செல்லும்; சில மணி நேரத்தில் அவை தொற்றும் நிலையை அடையும். குழந்தை சொறியும், நகம் வாய்க்குப் போகும், சுற்று மீண்டும் தொடங்கும். மலச்சோதனையில் இது பெரும்பாலும் அகப்படாது. காலையில் குளிக்குமுன் ஒளிபுகும் ஒட்டுத்தாளை அவ்விடத்தில் ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே முறை. ஒரு குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பயனில்லை. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் உட்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் உட்கொள்ள வேண்டும். நகம் வெட்டுதல், காலையில் குளித்தல், படுக்கை விரிப்பைத் துவைத்தல் ஆகியன மருந்தின் பாதி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துப்புரவான வீட்டிலும் வரும்.

நம் பள்ளிகள் பலவற்றில் மூலிகைத் தோட்டம் உண்டு. செடிக்கு முன்னால் நடும் பலகையில் தமிழ்ப்பெயரும் 'பயன்: பூச்சிகளைக் கொல்லும்' என்ற ஒருவரியும் எழுதுவது வழக்கம். அப்பலகையை மாணவர்களே திருத்தி எழுதட்டும். தமிழ்ப்பெயரோடு மலாய்ப்பெயரும் தாவரவியல் பெயரும் இருக்கட்டும். ஒரே பெயர் வேறு செடிக்கும் உண்டென்றால் அதனையும் குறிக்கட்டும். 'பூச்சி' என்ற இடத்தில் எந்தப் புழு என்று எழுதட்டும். தெரியாவிட்டால் 'வழக்கில் புழுவுக்குக் கொடுத்தனர்' என்ற அளவில் நிறுத்தட்டும். குப்பைமேனிப் பலகையில் ஜி6பிடி குறைபாடுடையோர் உண்ணலாகாது என்ற வரி கட்டாயம் வேண்டும். ஆடுதின்னாப்பாளை இருந்தால் அதற்குச் சிவப்பு எழுத்தில், உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது.